செத்தவன் அடித்த ஆணி

முதல் அடி மண்ணாங்கட்டியின் இடது காதில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு அவன் குனிந்துவிட்டான். தலைக்கு மேல் பறந்த கொட்டாப்புளி, அந்தக் கனத்த மரச் சுத்தியல், பட்டறைக் கேட்டின் தகரத்தில் மோதிப் போட்ட சத்தம் காசிமேட்டுக் கரை முழுக்கக் கேட்டிருக்கும்.

"இன்னா நைனா, வந்தவனுக்கு மணியடிச்சு வரவேற்பா?" என்றான் மண்ணாங்கட்டி, காதைப் பிடித்துக்கொண்டே.

அடித்தவன் கேட்டுக் காவல்காரன். காக்கி நிஜார், தேக்கு மரம் போலத் தொடை. கொட்டாப்புளியை மறுபடி ஓங்கினான். மண்ணாங்கட்டி அவன் கக்கத்துக்குக் கீழே புகுந்து விலாவில் இரண்டு குத்து, நிமிரும்போது தாடையில் ஒன்று விட்டான். வியாசர்பாடியில் அவன் குத்துச்சண்டை போட்ட காலத்தில் இந்த மூன்று குத்துகளுக்கென்றே டிக்கெட் வாங்கி வந்தவர்கள் உண்டு. காவல்காரன் வாயிலிருந்து ரத்தமும் ஒரு பல்லும் மணலில் விழ, அதற்குப் பக்கத்திலேயே அவனும் உட்கார்ந்தான்.

குடையை மடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஹில்டா சொன்னாள்: "மண்ணு, வேட்டியைச் சரியாக் கட்டு. உள்ளே போகணும்."

"காது கொய்யுங்குது அக்கா."

"இன்னொரு காது இருக்குல்ல?"

ஹில்டா இப்படித்தான். துறைமுகத்தில் சுங்க இலாகாவில் பன்னிரண்டு வருஷம், கப்பலில் வந்து இறங்கும் பெண்களைச் சோதனை போட்டவள். புடவை ஓரத்தை விரலால் ஒரு தடவு தடவினால் உள்ளே தைத்திருப்பது தங்கமா, தாயத்தா என்று சொல்லிவிடுவாள். மேலதிகாரி ஒருத்தனை அவன் மேஜை விளக்காலேயே மண்டையில் அடித்துவிட்டு வேலையை விட்டு வந்தாள். எதற்கு அடித்தாள் என்று கேட்ட ஒரே ஆள் மண்ணாங்கட்டி. "அவனுக்குத் தெரியும்" என்று மட்டும் பதில் வந்தது. இப்போது ராயபுரத்தில் ஒரு ரொட்டிக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ். மண்ணாங்கட்டிதான் அதில் உதவியாளன், காவல்காரன், அடி வாங்குகிறவன் எல்லாம்.

அன்று காலை அந்த மாடிப்படி ஏறி இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி பிலோமி. படகு கட்டும் ஓடாவி லூயிஸின் மனைவி. போன ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு பிணம் ஒதுங்கியது. முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை, யாரோ அடித்துக் கூழாக்கியிருந்தார்கள். லூயிஸின் கோடு போட்ட சட்டை, கழுத்தில் பிலோமி கையால் தைத்த உத்தரியம் என்ற மாதா படத் துணிமாலை. லூயிஸ்தான் என்று போலீஸ் முடிவு கட்டியது. கொன்றது யார் என்றும் அதே கையோடு முடிவு கட்டிவிட்டது. பிலோமியின் தம்பி அருள்பிரகாசம்தான். பிணம் ஒதுங்கியதற்கு இரண்டு நாள் முன்னால்தான் மீன் ஏலத்தில் எல்லார் எதிரிலும், "உன் மூஞ்சியப் பேத்துடுவேன்டா" என்று மச்சானைப் பார்த்துக் கத்தியிருந்தான்.

"லாக்கப்புல வெச்சு அடிக்கிறாங்க ஹில்டாம்மா. ரத்தமா மூத்திரம் போறான். இன்னிக்குள்ள ஒத்துக்கலேன்னா உசிரோட வுட மாட்டாங்க" என்றாள் பிலோமி. அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது. "புருசனைப் பொட்டியில வெச்சு ஆணி அடிச்சுக் குடுத்தாங்க. தொறக்கவே வுடல. அவரு பீச்சாங்கைக்காரரு. அந்தக் கையையாவது ஒரு தபா புடிச்சுக்கறேன்னு கெஞ்சினேன்..."

அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டிருந்தவள் சிலுவையம்மாள். லூயிஸோடு சேர்ந்து வேலை செய்கிற ஓடாவி செல்வநாதனின் மனைவி. "எங்கூட்டுக்காரரு இருந்திருந்தா பொட்டிக்குத் தோள் குடுத்திருப்பாரு. சனிக்கெழம சாயங்காலமே மரம் பாக்க லாரியில தூத்துக்குடி பூட்டாராம், ஓனரு ஆளு வுட்டு சொன்னாரு. ரெண்டு பேரும் ஒரே படகுக்கு ரெண்டு பக்கம் பலகை அடிச்சவங்கம்மா. லூயிஸ் அண்ணன் எடப் பக்கம், இவரு வலப் பக்கம். இவரு கைக்கு இவரு பக்கம், அவரு கைக்கு அவரு பக்கம்."

"கடைசியா அவரை எப்போ பார்த்தே?" என்று பிலோமியைக் கேட்டாள் ஹில்டா.

"சனிக்கெழம மத்தியானம் சோறு எடுத்துகினு போனேன். படகு முடியிற மாதிரி கீது. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பலகைதான் பாக்கி. அந்த இடுக்கு வழியா உள்ளேர்ந்து என்னப் பாத்து சிரிச்சாரு." அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்தப் படகைத் தேடித்தான் வந்திருந்தார்கள். வந்த இடத்தில்தான் கொட்டாப்புளி.

"யார்ரா அது, வாசல்ல சண்டை?"

உள்ளேயிருந்து வந்தவர் கிருஷ்ணப்பன். படகுப் பட்டறையின் முதலாளி. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், குரலில் வெண்ணெய். ஹில்டா தான் யாரென்று சொன்னதும் கை கூப்பினார். பிறகு கீழே உட்கார்ந்திருந்த காவல்காரனைப் பார்த்தார்.

"பொம்பளை கூட வந்த ஆளை அடிக்கலாமா?" என்று அன்பாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே அவனுடைய வலது கையை எடுத்து, நடுவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தார். சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். காவல்காரன் அலறினான். கிருஷ்ணப்பன் விரலை விட்டுவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"வாங்கம்மா. பாவம் லூயிஸ். என்ன வேணுமோ பாருங்க."

 ரிங்கில் மண்ணாங்கட்டியும் எலும்பு உடைத்திருக்கிறான். ஆனால் உடைக்கும்போது அவன் முகம் இப்படிச் சாந்தமாக இருந்ததில்லை.

பட்டறை நடுவில் படகு நின்றது. இன்ஜின் வைத்த மீன்பிடிப் படகு. அடிமரம் கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்க, சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் முட்டுக்கட்டைகள் கொடுத்திருந்தார்கள். ஆள் உயரத்துக்கும் மேலே வயிறு புடைத்துக்கொண்டு போயிற்று. வரிசை வரிசையாகப் பலகைகள், ஒன்றின் விளிம்போடு ஒன்று உரசி, முன்மூக்கில் போய்ச் சேர்ந்தன. பக்கத்தில் அடுப்பு மேல் ஒரு அண்டா. பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து, அதன்மேல் பூச எண்ணெயில் குங்கிலியப் பிசின் கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டு வேளை. வேலையாட்கள் இல்லை. படகின் மேல்தட்டில் ஒருத்தன், கீழே ஒருத்தன். இருவரும் வேலை செய்கிறவர்கள் மாதிரி இல்லை.

"நாளைக்குக் காலையில தண்ணியில எறக்குறோம்" என்றார் கிருஷ்ணப்பன்.

ஹில்டா படகைச் சுற்றி மெல்ல நடந்தாள். உள்ளங்கையைப் பலகைகளின் மேல் ஓட விட்டாள். அவள் அப்பாவும் இந்தக் கரையில் படகு கட்டியவர்தான் என்பது மண்ணாங்கட்டிக்குத் தெரியும். ஒரு ஓடாவியின் மகள் படகைப் பார்ப்பது, நகைக்கடைக்காரன் மகள் அடுத்த வீட்டுக்காரி கழுத்தைப் பார்ப்பது மாதிரி என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"நல்ல வேலை. கடைசிப் பலகைதான் கஷ்டம், இல்லீங்களா?" என்றாள். "மத்த பலகைக்கு ஒரு ஓரம் சேர்ந்தாப் போதும். இதுக்கு மேலேயும் சேரணும், கீழேயும் சேரணும். யார் போட்டது?"

"செல்வநாதன்தான், ரெண்டு பக்கமும். கூட்டாளி செத்த துக்கத்துலயும், செவ்வாய்க்கிழமை முழுக்க நின்னு அடிச்சு முடிச்சுட்டுத்தான் தூத்துக்குடிக்கு லாரி ஏறினான். தொழில் பக்தின்னா அதும்மா."

"ரொம்ப நல்ல மனுஷன்" என்றாள் ஹில்டா.

மண்ணாங்கட்டிக்கு எங்கோ உறுத்தியது. ஆனால் காது இன்னும் கொய்யென்று கத்திக்கொண்டிருந்ததால், அந்த உறுத்தலையும் காதின் மேலேயே போட்டுவிட்டான்.

ஆபீஸ் அறையில் டெலிபோன் அடித்தது. கிருஷ்ணப்பன் கீழே நின்றவனிடம் கண்ணைக் காட்டிவிட்டுப் போனார். அவர் முதுகு மறைந்ததும் ஹில்டாவின் குரல் தணிந்தது.

"மண்ணு, சிரிச்ச முகமா இரு. நான் ஏதோ சினிமாக் கதை சொல்றேன்னு அவன் நினைக்கணும். இது என்ன?"

"ஆணி."

"பக்கத்துல?"

குனிந்து பார்த்தான். ஆணித் தலைக்கு ஓரமாகப் பலகையில் பிறை நிலா மாதிரி ஒரு சின்னப் பள்ளம். "சுத்தி பட்ட தழும்பு."

"எவ்வளவு தேர்ந்த கையானாலும் நாலு ஆணிக்கு ஒண்ணு இப்படிப் பட்டுடும். சுத்தி எந்தப் பக்கத்துலேருந்து சாஞ்சு இறங்குதோ அந்தப் பக்கம் தழும்பு. இது வலப் பக்கம், செல்வநாதனோட பக்கம். மேல் பலகைகளைப் பாரு. தழும்பெல்லாம் ஆணிக்கு வலது பக்கத்துல. இப்போ அந்தக் கடைசிப் பலகையைப் பாரு."

மண்ணாங்கட்டி பார்த்தான். ஒரு ஆணி, இன்னொரு ஆணி, அதற்கடுத்தது. எல்லாப் பிறையும் ஆணிக்கு இடது பக்கத்தில் இருந்தன.

"பீச்சாங்கை" என்றான்.  "அக்கா, லூயிஸை திங்கக்கெழமையே பொதைச்சுட்டாங்க. இந்தாளு பலகை போட்டது செவ்வாக்கெழமைங்கிறாரு."

"ஆமா."

"பேய்ங்க இரும்பைத் தொடாதுன்னு எங்கம்மா சொல்லும்."

"உங்கம்மா சொன்னது சரிதான்."

மண்ணாங்கட்டியின் மூளை அடிபட்ட காதோடு ஓடியது. "அப்ப உசிரோட கீறான். எவனையோ கொன்னு, தன் சட்டையை அவனுக்கு மாட்டி, மூஞ்சியப் பேத்துட்டு... அடப்பாவி! பொஞ்சாதி அங்க தாலியக் கயட்டி வெச்சுட்டு அய்துகினு கீது. மச்சான் ரத்தமா மூத்திரம் போறான். இவன் இங்க குந்திகினு பலகை அடிக்கிறானா? கைல கெடச்சான்னா..."

"கோபத்தை வெச்சுக்கோ. தேவைப்படும்" என்றாள் ஹில்டா. "இன்னொண்ணு பாரு. ஒரே நீளத்துக்குப் பலகை கிடைக்காது. ரெண்டு துண்டைச் சேர்ப்பாங்க. மேல் பலகையில அந்தச் சேர்ப்பு எங்கே இருக்கு?"

காட்டினான்.

"கடைசிப் பலகையில?"

விரலை நேர்கீழே இறக்கினான். ஒரு சாண் கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை. ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று.

"செங்கல் சுவர் வைக்கிற கொத்தனார்கூட இப்படிச் செய்யமாட்டான். சேர்ப்பு மேல சேர்ப்பு வந்தா சுவர் அங்கேயே பிளக்கும். படகும் அப்படித்தான். இந்த வயித்துல இருக்கிற எத்தனையோ சேர்ப்புல இது ஒண்ணுதான் தப்பு." குடைப் பிடியால் பக்கத்துச் சேர்ப்பு ஒன்றைத் தட்டினாள். 'தும்' என்று கனமாகக் கேட்டது. "பின்னாடி முட்டுக்குத் துண்டுப் பலகை வெச்சிருக்கு." பிறகு கடைசிப் பலகையின் சேர்ப்பைத் தட்டினாள். 'டொக்' என்றது, காலிப் பெட்டி மாதிரி. "இங்கே வைக்கலை."

"தெரியாம வுட்டுட்டானா?"

"தெரியாதவன் விட்டா அது தப்பு. லூயிஸ் மாதிரி ஓடாவி விட்டா, யாராவது பார்க்கணும்னு விட்டது. பக்கத்துல நின்னு மிரட்டினவனுக்குச் சுத்தி சத்தம்தான் தெரியும், சேர்ப்பு தெரியாது. மண்ணு, நீ நினைக்கிற மாதிரி அவன் ஒளிஞ்சிருந்து வேலை செய்யலை. யாரோ அவனைப் பிடிச்சு வெச்சு வேலை வாங்கியிருக்காங்க."

அவள் மறுபடி தட்டினாள். டொக், டொக்.

உள்ளேயிருந்து, மிக மெல்ல, டொக் என்று பதில் வந்தது.

மண்ணாங்கட்டி தன் நல்ல காதைப் பலகையில் வைத்தான். ஆனால் அந்தச் சத்தம் கீழே நின்றவனுக்கும் கேட்டுவிட்டது. இடுப்பிலிருந்து கத்தியை உருவிக்கொண்டே, "அண்ணே!" என்று கத்தினான். மேல்தட்டில் இருந்தவன் கையில் வாய்ச்சியோடு குதித்தான். மரம் செதுக்குகிற வாய்ச்சி. அதன் அலகு வெயிலில் பளிச்சென்றது.

"மண்ணு! அந்தச் சேர்ப்புல அடி!"

"இவனுங்கள யாரு அடிக்கிறது?"

"படகை அடி!"

தரையில் கிடந்த சம்மட்டியை எடுத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக, அடிக்க வருகிறவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். முழு பலத்தோடு சம்மட்டியை இறக்கினான். பலகை உள்ளே அழுந்தித் திரும்பியது. அதே நேரம் இடது தோளில் தீ வைத்தாற்போல் இருந்தது. வாய்ச்சி சட்டையைக் கிழித்துச் சதையை ஒரு சில்லு எடுத்திருந்தது. வாய்ச்சிக்காரன் இரண்டாவது முறை ஓங்கும்போது, மண்ணாங்கட்டி சம்மட்டிக் காம்பைப் பின்பக்கமாக இடித்தான். அது அவன் மூக்கில் போய் இறங்கியது. அவன் தடுமாறிப் பின்னால் போனான்.

கத்திக்காரன் ஹில்டாவை நோக்கிப் போனான். பெண்பிள்ளைதானே என்று நினைத்திருப்பான். அவள் அண்டாவில் கிடந்த நீளக் கரண்டியை எடுத்து, கொதிக்கிற குங்கிலியத்தை அவன் மேல் வீசினாள். அது அவன் கழுத்திலும் கத்தி பிடித்த கையிலும் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் வழிந்து போகும். குங்கிலியம் போகாது. அவன் போட்ட அலறல் மனிதக் குரலாக இல்லை. உதறினான், துடைத்தான், துடைத்த கையிலும் அது ஒட்டியது. கடைசியில் கடலைப் பார்த்து ஓடினான்.

மண்ணாங்கட்டியின் சம்மட்டி இரண்டாவது தடவை இறங்கியது. பலகையின் ஆணிகள் கிறீச்சிட்டு வெளியே வந்தன. விரல் நீளம்கூட இல்லாத குட்டை ஆணிகள். லூயிஸ் எல்லாவற்றையும் பாதியாக வெட்டித்தான் அடித்திருந்தான். மூன்றாவது அடிக்குப் பலகையின் முனை உள்ளே போய், மறுமுனை வில் மாதிரி வெளியே எகிறியது. அதற்கு மேலே இருந்த பலகையும் அதே இடத்தில் விட்டுக்கொடுத்தது.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. இடது கை. விரல்கள் நான்கும் நசுங்கி, கறுத்து, கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தன. பலகை அடித்து முடித்ததும் இந்தக் கையை யாரோ சுத்தியலுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். மண்ணாங்கட்டி சற்றுமுன் திட்டியது இந்தக் கைக்காரனைத்தான். அந்தக் கையைப் பிடிக்கப் பயந்து, கக்கத்தில் கை கொடுத்து ஆளை வெளியே இழுத்தான். லூயிஸ் வெறும் உடம்பாக மணலில் விழுந்தான். முதுகெல்லாம் பிரம்புக் கோடு.

"தண்ணி" என்றான்.

"மண்ணு, பின்னாடி!"

கிருஷ்ணப்பன் வந்துகொண்டிருந்தார். ஓடவில்லை. கடப்பாரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். முகம் அப்போதும் சாந்தமாகவே இருந்தது. கடப்பாரையின் கூர்முனை மண்ணாங்கட்டிக்கு இல்லை, கீழே கிடந்த லூயிஸின் நெஞ்சுக்கு. மண்ணாங்கட்டி குறுக்கே விழுந்து அதைக் கையால் தட்டினான். முனை மணலில் இறங்கியது. தண்டு திரும்பி அவன் விலாவில் மோதியது. உள்ளே ஏதோ உடைந்தது அவனுக்கே கேட்டது.

மூச்சு விட முடியவில்லை. கண் இருட்டியது. ரிங்கில் இந்த நிலைமையில் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். இங்கே துண்டு வீச யாரும் இல்லை. எழுந்தான். கிருஷ்ணப்பன் கடப்பாரையை உருவி ஓங்குவதற்குள் அந்த வெள்ளைச் சட்டையின் நடுப் பொத்தானில் ஒரு குத்து விட்டான். அவர் குனிந்தார். மேலே வந்த முகவாயில் அடுத்தது. காவல்காரனின் ஒடிந்த விரலையும், நசுங்கிய அந்த நாலு விரல்களையும் சேர்த்து வைத்து விட்ட குத்து அது.

கிருஷ்ணப்பன் பின்னால் பறந்து, படகின் முட்டுக்கட்டை மேல் முதுகால் விழுந்தார். கட்டை சறுக்கியது. பக்கத்துக் கட்டையும் சரிந்தது. பிளந்த வயிற்றோடு நின்றிருந்த படகு ஒரு பெருமூச்சு மாதிரி முனகிவிட்டு, வலப் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. ஹில்டா லூயிஸின் ஒரு காலைப் பிடித்து இழுத்தாள், மண்ணாங்கட்டி மறுகாலை. கிருஷ்ணப்பனை இழுக்க யாரும் இல்லை.

படகு அவர் இரண்டு தொடைகளின் மேல் படுத்தது. அப்போதுதான் அந்த முகத்திலிருந்து சாந்தம் போயிற்று.

அலறல் கேட்டு மீன்சந்தைப் பெண்கள் வேலியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். கையில் அரிவாள்மணை, சாட்டை மாதிரி உலர்த்திய திருக்கை மீன் வால், அகப்பட்டதெல்லாம். மூக்குடைந்த வாய்ச்சிக்காரனையும் கேட்டுக் காவல்காரனையும் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வந்த போலீஸுக்கு அந்த இருவரையும் அவர்களிடமிருந்து பிடுங்குவதே பெரிய வேலையாகிவிட்டது.

ஹில்டா லூயிஸின் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் புகட்டினாள். போலீஸ் ரைட்டர் பக்கத்தில் குந்தி எழுதிக்கொண்டான்.

"மீன் அறைக்குப் பின்னாடி ரகசியமா ஒரு அறை வேணும்னாரு ஓனரு" என்று திக்கித் திக்கிச் சொன்னான் லூயிஸ். "கடத்தல் சரக்குக்கு. நான் பயந்துகினு நின்னேன். அவன்தான் முடியாதுன்னான். எங்க படகுல அது நடக்காது, போலீஸ்ல சொல்வேன்னான். சொல்லிகினு திரும்பினான், பின்னாலேர்ந்து மண்டையில... என் கண்ணெதிர்ல. அப்புறம் என் சட்டையக் கயட்டச் சொன்னாங்க. உத்தரியத்தையும். நீ முடிச்சுக் குடு, இல்லேன்னா ஒம்பொண்டாட்டின்னாங்க. அவன் பக்கத்துப் பலகைய ராத்திரி ராத்திரியா நான் அடிச்சேம்மா. அவன் ரத்தம் காயல, நான் அதும்மேல முட்டி போட்டுகினு அடிச்சேன். முடிஞ்சதும் அந்த அறையிலயே என்னைப் போட்டு அடைச்சாங்க. நாளைக்கு நடுக்கடல்ல என்னையும்..."

"யாரு? யாரைக் கொன்னாங்க?" என்றான் ரைட்டர்.

லூயிஸ் அழுதான். ஹில்டா சொன்னாள்:

"செல்வநாதனை. காலையிலேயே சந்தேகம். பொண்டாட்டிகிட்ட சனிக்கிழமை தூத்துக்குடி போயிட்டான்னு சொல்லி அனுப்பின ஆளு, என்கிட்ட செவ்வாய்க்கிழமை பலகை அடிச்சான்னு சொன்னப்போ உறுதியாயிடுச்சு. ரெண்டு ஓடாவியும் காணாமப் போனா ஊரே தேடும். ஒருத்தன் செத்தான், ஒருத்தன் வெளியூர்னா யாரு தேடுவா?"

மண்ணாங்கட்டி விலாவைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். அந்த உறுத்தல் காதில் இல்லை என்று இப்போது தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் அருள்பிரகாசத்தை விட்டுவிட்டார்கள். இரண்டு பேர் தாங்கலாகத்தான் ஸ்டேஷன் படி இறங்கினான். ஆனால் இறங்கினான். பிலோமி ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்குமாக ஓடினாள். வழியில் பார்த்தவர்களையெல்லாம் கட்டிக்கொண்டாள். அவளுக்கு யாரும் இன்னும் முழுக்கதை சொல்லவில்லை. கேட்கிற நிலையிலும் அவள் இல்லை.

மண்ணாங்கட்டியின் தோளில் தையல் போட்டு, விலாவைச் சுற்றித் துணி கட்டினார்கள். ஹில்டா வாசலில் காத்திருந்தாள்.

"வூட்டுக்கா அக்கா?"

"இல்லை. அந்தப் பொண்ணு வீட்டுக்கு. போலீஸ்காரன் போய்ச் சொல்றதுக்கு முன்னாடி நாம போயிடணும்."

சிலுவையம்மாளின் வீடு மாதா கோயிலுக்குப் பின்சந்தில் இருந்தது. சந்தே கல்யாண வீடு மாதிரி கிடந்தது. லூயிஸ் உயிரோடு வந்த செய்தி அவர்களுக்கு முன்னால் ஓடி வந்திருந்தது. ஒரு பையன் ஊசிப் பட்டாசு கொளுத்தினான். சிலுவையம்மாள் வாசலிலேயே ஓடி வந்து ஹில்டாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"லூயிஸ் அண்ணன் உசிரோட கீறாராமே! மாதாவே! உள்ள வாங்கம்மா, குந்துங்க. எங்கூட்டுக்காரரு வந்து கேட்டாருன்னா துள்ளிக் குதிப்பாரு. ஐயோ, இந்த அண்ணனுக்கு இன்னா இம்மாம் கட்டு?"

ஹில்டா உட்கார்ந்தாள். மண்ணாங்கட்டி உட்காரவில்லை.  

சிலுவையம்மாள் அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். வைத்தபடியே, திரும்பாமல், சாதாரணமாகக் கேட்டாள்:

"அப்போ, நாங்க பொதைச்சது யாரும்மா?"

ஹில்டா எழுந்து போய் அவள் தோளில் கை வைத்தாள். சிலுவையம்மாள் திரும்பி ஹில்டாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் மண்ணாங்கட்டியின் முகத்தை. அவன் பார்வையைக் கீழே இறக்கினான். அது போதுமானதாக இருந்தது.

அவள் அடுப்போரமாக மெல்லச் சரிந்து உட்கார்ந்தாள். தன் வலது உள்ளங்கையை விரித்து, அதில் ஏதோ ஒட்டியிருப்பது போலப் பார்த்தாள்.

"பிலோமி மயங்கி வுய்ந்துட்டா" என்றாள். "அவளால முடியல. அதனால நான்தான்... மொதப் புடி மண்ணு நான்தாம்மா போட்டேன்."

ஹில்டா தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது. இறக்க யாரும் இல்லை.

சந்தில் ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. யாரோ மிட்டாய்ப் பொட்டலத்தோடு, "சிலுவை! ஏ சிலுவை! வாயத் தொற!" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கூட்டம். மண்ணாங்கட்டி வெளியே போய்க் கதவைச் சாத்தினான். விலா குத்தியது. இரண்டு கையையும் நிலையில் ஊன்றி, வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"யாரும் உள்ள வராதீங்க" என்றான். "கொஞ்ச நேரம் யாரும் வராதீங்கம்மா."